அண்ணிக்குப் போர்த்திய சால்வை

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் அண்ணி எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைந்திருக்கும். வருடத் திதிக்காக மலையேறி வந்திருக்கும் சொந்தபந்தங்கள், சிநேகிதர்கள் எல்லாருக்கும் முதலில் என் வணக்கம். அண்ணியைப் பற்றி எழுத அண்ணன் இருக்கிறார். படித்த பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு நாத்தனார் நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் அண்ணியைக் கிடத்தியிருந்தபோது நீங்கள் எல்லாரும் அவரவர் முறைக்குப் புதுச்சேலையைக் கோடியாகப் போட்டீர்கள். நான் மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, மஞ்சள் கரை போட்ட சால்வை ஒன்றை எடுத்துப் போர்த்தினேன். ஊர்க் கூட்டங்களில் பெரிய மனிதர்களுக்குப் போடுவார்களே, அந்தச் சால்வை. நாத்தனாருக்கு ஒரு சேலை எடுக்க மனசு வரவில்லை பார் என்று குப்பனூர்ப் பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரைதான் அதற்குப் பதில்.

அண்ணி பிறந்தது ஏற்காட்டு மலையடிவாரத்துக் குப்பனூரில். ஓடையை ஒட்டி இரண்டு ஏக்கர் காடு; காடு என்றால் எங்கள் பக்கம் விவசாய நிலம்தான். மலைமேல் பெருமழை பெய்தால் சில மணி நேரத்தில் அந்த ஓடை பொங்கி வந்து அவர்கள் வீட்டைத் தொடும். அதற்கு முன்பே வரப்பை எங்கே வெட்டிவிட வேண்டும், தண்ணீரை எந்தப் பக்கம் திருப்பி ஏரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய அப்பாவுக்கு அத்துப்படி. மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அப்பாவோடு மம்பட்டி பிடித்து நின்றதாக அண்ணி சொல்வார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றதற்கு மழையைக் காரணம் சொன்ன ஒரே மனுஷி அவர்தான்.

பத்தொன்பது வயதில் எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு, மலைமேல் வெள்ளக்கடையையும் தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். வரும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். வந்த அன்றே குளிர் தாங்காமல் அண்ணனின் முழுக்கை ஸ்வெட்டரைப் பட்டுச்சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தலையில் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டார். அந்தக் குல்லா சித்திரை வெயிலிலும் இறங்கவில்லை. "குல்லா அண்ணி" என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாளும் கோபித்துக்கொள்ளவில்லை என்பது அப்போது எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் தந்தது.

கல்யாணமாகி ஆறாவது வருடம் அண்ணன் மிளகு பறிக்கும்போது சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. எட்டு மாதம் படுக்கை. எழுந்த பிறகும் சரிவில் இறங்கி வேலை செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனிமேல் அண்ணி காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் குப்பனூருக்கே போய்விடுவார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அண்ணி போகவில்லை. காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டக் கற்றார். ஏணி சாய்த்து மிளகு பறிக்கக் கற்றார். நாற்பது வயதில் மொபெட் ஓட்டக் கற்றார். மூன்று முறை விழுந்தார், அதில் ஒரு முறை எங்கள் வேலியில். பலாவும் பட்டர் ஃப்ரூட்டும் கட்டிக்கொண்டு ஏற்காடு பஜாருக்குப் போய் விற்று வந்துதான் பிள்ளைகள் இருவரையும் கல்லூரி வரை படிக்க வைத்தார். பெரியவன் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறான். சின்னவள் ஆசிரியை.

அந்த நாட்களில்தான் காப்பி அதிகாரி ஒருவர் வந்து தொட்டில் குழி வெட்டும் முறையைச் சொல்லிவிட்டுப் போனார். செடி வரிசைகளுக்கு நடுவில், சரிவுக்குக் குறுக்கே, குழந்தையைப் போடும் தொட்டில் நீளத்துக்குக் குழி எடுப்பது. பெய்கிற மழை ஓடிப்போகாமல் அந்தக் குழிகளில் நின்று மண்ணுக்குள் இறங்கும். கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் தலையாட்டினோம். அண்ணி ஒருவர்தான் வெட்டினார். ஒரு நாளைக்கு இரண்டு குழி, மூன்று குழி என்று வருடக்கணக்காக வெட்டினார். "அண்ணி எங்க அண்ணனுக்குக் குழி வெட்டறாங்க" என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஒரு கோடையில் எல்லார் காட்டிலும் செடி வாடியபோது அண்ணி காடு மட்டும் பூத்து நின்றது. அதற்கப்புறம் சரிவில் இருந்த எல்லாரும் குழி வெட்டினோம். நானும்தான்.

என்னைக் கட்டிக்கொடுத்ததும் அதே ஊரில், மாமன் மகனுக்கு. என் காட்டுக்கும் அண்ணி காட்டுக்கும் நடுவே ஒரு சில்வர் ஓக் வரிசைதான் எல்லை. அண்ணியுடைய காட்டில் குழி நிரம்பி மிஞ்சும் தண்ணீர் போக, எல்லையில் ஒரு மடை வைத்து, என் காட்டு வழியாக ஓடைக்கு ஒரு சின்ன வாய்க்கால் எடுத்திருந்தார். ஒரு ஐப்பசியில் அந்தத் தண்ணீர் பெருகி என் மிளகுக் கொடிகள் இருபது அழுகிப்போயின. நான் ஆத்திரத்தில் மடையைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தேன். அவர் கேட்டார், நான் பேசினேன், பேச்சு எங்கெங்கோ போனது. அதோடு ஒன்பது வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. விசேஷங்களில் ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும், "உங்க அத்தைக்கு ரசம் ஊத்தச் சொல்லு" என்று அவர் தன் மகளிடம்தான் சொல்வார். நானும் அந்தப் பிள்ளை வழியாகவே போதும் என்பேன். எங்கள் இருவருக்கும் தபால்காரியாக இருந்தே அவள் வளர்ந்தாள்.

பிறகு அந்தக் கார்த்திகை மாதத்தில் புயல் வந்தது.

டி.வி.யில் கடலோரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடலே இல்லாத ஊரில் புயலுக்கு என்ன வேலை என்று நாங்கள் சாவகாசமாக இருந்தோம். காப்பிப் பழம் சிவந்து நிற்கும் பருவம். களத்தில் காய்ந்ததை அள்ளி உள்ளே போட்டதோடு எங்கள் முன்னெச்சரிக்கை முடிந்தது. முதல் நாள் மழை பிடித்தபோது பயப்படவில்லை, சந்தோஷப்பட்டோம். அதற்கு முந்தைய கோடையில் குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லாமல் பட்ட பாடு அப்படி. வெளியூர்க்காரர் யாரும் செய்யாத ஒரு காரியத்தை அன்று நாங்கள் செய்தோம். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று குடையைப் பிடித்துக்கொண்டு போய், தொட்டில் குழிகளின் வாயில் மண் அணைத்து இன்னும் உயர்த்தினோம். எல்லைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் குல்லாவோடு அண்ணி. எங்கள் ஊரில் அன்றைக்குப் பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

இரண்டாம் நாளும் மழை விடவில்லை. காற்று திசை மாறி மாறி அடித்தது. கரண்ட் போயிற்று, போனில் சிக்னல் போயிற்று. மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டதாக, பால் கொண்டுபோன ஆள் பாதியில் திரும்பி வந்து சொன்னார். அன்று காலை அண்ணி சரிவுக்கு அடியில் இருக்கும் ஏழு வீடுகளுக்குப் போயிருக்கிறார். எஸ்டேட்டிலும் எங்கள் காடுகளிலும் கூலி வேலை பார்ப்பவர்களின் வீடுகள் அவை. ஒரு வீட்டின் பின்சுவரை ஒட்டி, இதற்கு முன் ஊற்றே இல்லாத இடத்தில், கலங்கல் தண்ணீர் பொத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறார். உடனே மேலே ஏறித் தன் காட்டின் உச்சிக்குப் போனார். அங்கே கடைசிக் குழி வரிசைக்குப் பின்னால் நிலம் நீளமாக வெடித்திருந்தது. விரல் நுழையும் அளவு வெடிப்பு.

அண்ணிக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. இருபது வருடமாக நாங்கள் பெருமையாகத் தேக்கிய தண்ணீர்தான் மலையை உள்ளிருந்து ஊற வைத்துக்கொண்டிருந்தது. குழிகளை உடைக்க வேண்டும். உடைத்த தண்ணீர் ஏழு வீட்டுப் பக்கம் போகாமல் ஓடைக்குப் போக வேண்டும். ஓடைக்கு இருந்த ஒரே வழி, நான் அடைத்து வைத்திருந்த மடை.

கீழ் வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, ஒன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணி என் வாசலுக்கு வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகள் ஊரில் இல்லாததால் நேராகவே பேசினார்.

"அம்மிணி, கீழ மண்ணுலருந்து தண்ணி பொத்துக்கிட்டு வருது. நீ அடச்ச மடையத் தொறந்தாத்தான் ஆவும். உன்ற காட்டு வழியா ஓடைக்கு உட்டர்லாம்."

இந்த இடத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

"ஒம்பது வருசம் கழிச்சுப் பேச வந்ததே இதுக்குத்தானுங்களா அண்ணி? மழையச் சாக்கா வெச்சு மடையத் தொறக்கப் பாக்கறீங்க. நாளைக்கு வெயில் அடிச்சிரும், போங்க."

அவர் கத்தவில்லை. கீழே ஏழு வீடு இருக்கிறது, எழுந்து நடக்க முடியாத பெரியவர் ஒருவர் இருக்கிறார், கட்டிலோடு தூக்கி மேலே கொண்டுவர நேரமாகும் என்றார். மலைக்கு வந்த மருமகள் எங்களுக்கு மழையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம் என்றேன். அதற்குத்தான் இந்த வார்த்தையைச் சொன்னார்.

"மலக்காரங்களுக்குத் தண்ணிய நிறுத்தத் தெரியும் அம்மிணி. நாங்க அடிவாரத்துல அத அனுப்பி வெச்சுப் பொழச்சவங்க."

திரும்பிப் போய்விட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காட்டில் அந்த வருடம் கிளை ஒடியும் அளவு பழம். வாய்க்காலைத் திறந்தால் நல்ல செடிகள் உள்ள கீழ்ப்பட்டை, அதாவது காட்டின் கீழ்ப்பகுதி, முழுக்கப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதுதான் என் கவலை. என் வீடு ரோட்டோர மேட்டில் இருந்தது. அதற்கு ஆபத்து இல்லை.

அண்ணி தன் குழிகளை உடைக்கத் தொடங்கினார். மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக மம்பட்டியால் வாய் வெட்டிவிட்டுக்கொண்டே இறங்கினார். பக்கத்துக் காட்டுக்காரர் ஒவ்வொருவரும் வேலியில் சாய்ந்து நின்று பார்த்து வியந்த குழிகள் அவை. ஒரு ஆளை வைக்காமல் தன் கையால் எடுத்தவை. அண்ணன் இடுப்பு வலியோடு படியில் நின்று, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று கத்தியது எனக்கே கேட்டது. அண்ணி நிற்கவில்லை. உடைந்த தண்ணீர் செந்நிறமாக இறங்கி எல்லைக்கு வந்து, என் அடைப்பில் முட்டித் தேங்கியது. அண்ணியும் அங்கே வந்து நின்றார். மடைக்கல் அவர் காலடியில். கையில் மம்பட்டி. அதைப் புரட்ட அவருக்கு ஒரு நிமிஷம் போதும். புரட்டவில்லை. என் வீட்டைப் பார்த்து நின்றார்.

ஒரு மணி நேரம் நின்றார். நடுநடுவே ஓடிப்போய்த் தேங்கிய தண்ணீரைச் சட்டியால் வேறு பக்கம் இறைத்துவிட்டு மறுபடி வந்து நின்றார். அந்த ஒரு மணி நேரமும் நான் வீட்டுக்குள் இருந்தேன்.

கடைசியில் அவரைத் திட்டி அனுப்பத்தான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். என் காட்டில் பாதி வழியில், வழுக்காமல் இருக்கக் குடையை மடக்கி ஊன்றினேன். குடை நிற்கவில்லை. முழங்கை ஆழம் தானாக உள்ளே போனது. பிடுங்கினால் அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. நாற்பது வருடம் நான் நடந்த மண் அது. அன்று பட்ட பயத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. குடையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

"நீங்களே தொறந்திருக்கலாமில்லீங்க அண்ணி" என்றேன்.

"உன்ற காடு. நீ சொல்லாம என்ற மம்பட்டி படாது" என்றார்.

முதல் கல்லை நான் புரட்டினேன். இரண்டாவதை அவர். பிறகு என் குழிகளையும் இரண்டு பேரும் சேர்ந்து உடைத்தோம். சாயங்காலம் வரை வெட்டினோம். பக்கத்துக் காட்டுக்காரர்களும் பார்த்துவிட்டு வந்து தங்கள் குழிகளை உடைத்தார்கள். வாய்க்கால் ஆள் ஆழத்துக்கு அரித்துக்கொண்டு ஓடையில் போய் விழுந்தது. என் கீழ்ப்பட்டை போயிற்று, செடியும் மரமும் மிளகும் எல்லாம். இருட்டுவதற்கு முன் மேலே இருந்த வெடிப்பு ஒரு முழம் இறங்கியது. அதோடு நின்றுவிட்டது. ஏழு வீடும் நின்றன. உயிர் ஒன்றும் போகவில்லை என்று எழுதத்தான் ஆசை. நான் வீட்டுக்குள் இருந்த அந்த ஒரு மணி நேரத்தில், ஊற்று பொத்துக்கொண்டு வந்த இடத்தில் மண் பெயர்ந்து ஒரு ஆட்டுப்பட்டியை மூடிவிட்டது. உள்ளே ஒரு தாய் ஆடும் இரண்டு குட்டியும். அவிழ்த்துக் கொண்டுபோகக்கூட அந்த வீட்டம்மாவுக்கு நேரமில்லை. மாமனாரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டிருந்தார்.

பாதை திறந்து அதிகாரிகள் ஜீப்பில் வந்தபோது, இது யாருடைய யோசனை என்று கேட்டார்கள். கூட்டமாக நின்றோம். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"எங்க நாத்தனாருங்க. வாங்கண்ணி, எங்காட்டுல உட்டுக்கலாம்னு கூப்புட்டதே அவங்கதானுங்க. மொதக் கல்லப் பொரட்டுனதும் அவங்கதான். நொம்ப நட்டமுங்க அவங்களுக்கு."

அடுத்து வந்த குடியரசு தினத்துக் கிராம சபையில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். கூட்டத்தில் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது ஒரு குரங்குக் குல்லா. கீழே வந்ததும் அந்த ஆட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையை இன்றுவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அதற்குள் நாங்கள் தினமும் காலையில் ஒன்றாகக் காப்பி குடிக்கிறவர்களாக மாறியிருந்தோம்.

"நான் வெட்டுனது என்ற காட்ட. நீ குடுத்தது உன்ற காட்ட. குடுக்கறதுதான் கஷ்டம் அம்மிணி. அந்த ஒரு மணி நேரத்த வெளிய சொல்லி என்ன ஆவப்போவுது?"

அதற்குப் பிறகு அண்ணி வாழ்ந்தது இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காலத்தில் உடைத்த குழிகளை மறுபடி வெட்டினார். இந்த முறை ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஒரு வாய் வைத்து, அதைக் கல்லால் மூடினார். சாதாரண மழைக்குக் கல் இருக்கும். பெருமழை என்றால் கல்லை எடுத்துவிட வேண்டும். மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளியூர் வரை போய், காட்டுக்காரர்களுக்கு அதைச் செய்து காட்டினார். எட்டாவது படித்த அடிவாரத்துப் பெண் சொன்னதை இன்று இந்த மலையில் எத்தனையோ பேர் செய்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று எத்தனையோ பேர் உண்டு. எங்கள் குடும்பத்தின் பெருமை யார் என்று கேட்டால் நான் குல்லா போட்ட ஆளைத்தான் காட்டுவேன்.

போன வருடம் ஐப்பசியில் அண்ணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இருதயம் பலவீனமாகிவிட்டது என்று சேலம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பதினோரு நாள் உடன் இருந்தேன். கடைசிக்கு முந்தைய நாள் மத்தியானம் ஜன்னலில் மழை அடித்தது. அண்ணி கண்ணைத் திறந்து, குழிக் கல்லையெல்லாம் எடுத்தாச்சா என்று கேட்டார். எடுத்தாச்சுங்க அண்ணி என்றேன். அது பொய். வராந்தாவுக்கு ஓடிப்போய் என் மகனுக்குப் போன் போட்டு, உடனே காட்டுக்குப் போகச் சொன்னேன். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடமாக என்னைத் தெரிந்தவரிடம் பொய் சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

அண்ணியைச் சேலத்திலிருந்து மலைக்குக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் டிரைவர் தம்பிக்கும், இரண்டு நேரமும் அண்ணிக்குத் தலை வாரிவிட்ட நர்ஸுக்கும், பஸ் நின்றுபோன அந்த மழையில் டூவீலரிலேயே ஏறி வந்த குப்பனூர்ச் சொந்தங்களுக்கும், மூன்று நாளும் சமைத்துப் போட்ட ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாடையை வேறு யாரையும் தொடவிடாமல் தோளில் தூக்கிப்போன கீழ் ஏழு வீட்டுக்காரர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதில் ஆட்டுக்கார அம்மாவுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அதைக் கேட்ட பிறகும் என் வீட்டுக்கு வருவீர்கள் என்றால், என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாதீர்கள். திட்டுங்கள். அதுதான் எனக்கு வேண்டும்.

சால்வை விஷயத்துக்கு வருகிறேன். உறை பிரிக்காமல் அது என் பீரோவில் இருந்தது. இரண்டு முறை அண்ணியிடம் எடுத்துப்போனேன். இரண்டு முறையும் காப்பியைக் குடித்துவிட்டு, பையைத் திறக்காமலே திரும்பி வந்தேன். மூன்றாவது முறை எடுத்துப்போனபோது அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. குப்பனூர்ப் பெண்களே, அது நான் போட்ட கோடி இல்லை. அண்ணிக்கு ஊர் போட்ட சால்வை; கொண்டுபோய்ச் சேர்க்க நான்தான் தாமதித்துவிட்டேன்.

இப்படிக்கு,
அண்ணியின் நாத்தனார்